பெறுநரின் கல்லீரல் தமனி பழுதுபட்டிருந்தால் எதைத் தேர்வது? மாற்று வழிகள் குறித்து ஓர் ஒப்பீடு

கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையில் குடல் பக்கத்திலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் கிளாம்பை, அதாவது குழாயை அடைத்துப் பிடித்திருக்கும் இடுக்கியை, விடுவித்ததும், குளிர் கரைசலில் வெளிறிக் கிடந்த உறுப்பு சிறிது நேரத்திலேயே செம்பழுப்பாகி மெத்தென்று உப்பி வரும். முதன்முறையாக அந்த மேசையருகே நிற்பவருக்கு, பெரிய வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் இன்னும் தமனி இணைக்கப்படவில்லை. உயிருள்ள கொடையாளியிடமிருந்து வந்த உறுப்பாக இருந்தால் அந்தத் தமனியின் விட்டம் பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை எந்தக் குழாயோடு, எந்த முறையில் இணைப்பது என்ற முடிவே, வரும் ஆண்டுகளில் அந்த நோயாளி எப்படி வாழ்வார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பெறுநரின் சொந்தத் தமனி நல்ல நிலையில் இருக்கும்போது இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அது பழுதுபட்டிருக்கும்போது முன்னிருக்கும் வழிகளில் எது, எப்போது, ஏன் என்பதையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. ஆக்சிஜனைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகப் பங்களிக்கின்றன. அப்படியானால் தமனி அடைத்தாலும் சிரை காப்பாற்றிவிடாதா என்று கேட்கத் தோன்றும். கல்லீரல் செல்களை ஓரளவு அது காப்பாற்றவும் கூடும், பித்தநாளங்களைக் காப்பாற்றாது. பித்தநாளச் சுவரைச் சூழ்ந்திருக்கும் நுண்குழாய் வலைக்குத் தமனி ஒன்றே ஆதாரம். பிறந்ததிலிருந்து உடலில் இருக்கும் கல்லீரலுக்கு உதரவிதானத்திலிருந்தும் தசைநார்களின் வழியாகவும் சிறு சிறு பக்கக் கிளைகள் வந்து சேர்வதால், அதன் முதன்மைத் தமனி அடைபட்டாலும் அது பல நேரங்களில் தாக்குப்பிடிக்கிறது. மாற்றிப் பொருத்தப்பட்ட கல்லீரலுக்கு அந்தக் கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டுவிட்டன. ஆகவே தொடக்க நாள்களில் தமனி அடைத்துக்கொண்டால் பித்தநாளங்கள் அழுகி, பித்தம் கசிந்து, கல்லீரலுக்குள் சீழ்க்கட்டிகள் உண்டாகும். பல வேளைகளில் உறுப்பையே இழக்க நேரும். 21,000க்கும் மேற்பட்ட மாற்று அறுவைச் சிகிச்சைகளைத் தொகுத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய ஆரம்பகால அடைப்பு மொத்தத்தில் 4.4 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டதாகக் காட்டியது. பெரியவர்களில் அது 2.9 விழுக்காடு, குழந்தைகளில் 8.3 விழுக்காடு. அடைப்பு ஏற்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மறுமாற்று தேவைப்பட்டது. மூன்றில் ஒருவர் இறந்தார். எண்ணிக்கையில் சிறிதாகத் தோன்றும் இந்தச் சிக்கலை அறுவை மருத்துவர்கள் இவ்வளவு அஞ்சுவது இதனால்தான்.

மூளைச்சாவு அடைந்தவரின் முழுக் கல்லீரல் கிடைக்கும்போது நிலைமை எளிது. கல்லீரல் தமனியை அதன் மூலமான, பெருந்தமனியிலிருந்து கிளம்பும் சீலியாக் தண்டு வரை, தேவையானால் பெருந்தமனிச் சுவரின் ஒரு துண்டோடு சேர்த்தே எடுத்துவிடலாம். தாராளமான நீளமும் அகன்ற வாயும் கிடைக்கின்றன. பெருந்தமனிச் சுவரின் அந்தத் துண்டை இன்றும் 'காரெல் ஒட்டு' என்றே அழைக்கிறார்கள். இரத்தக் குழாய்களைத் தைக்கும் கலைக்கு அடித்தளமிட்டு 1912இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெலின் பெயர் அது. 1894இல் அவருடைய ஊரான லியோனில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டு இறந்தபோது, அறுபட்டது போர்ட்டல் சிரை. அன்று அதைத் தைக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. கல்லீரலுக்குச் செல்லும் ஒரு குழாயைத் தைக்க முடியாமல் போனதிலிருந்துதான் இந்தக் கலையே தூண்டுதல் பெற்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

உயிருள்ள கொடையாளியிடமிருந்து பெறும்போது இந்த வசதி எதுவும் இல்லை. கொடையாளியின் மீதிக் கல்லீரலுக்குச் செல்லும் தமனியைத் தொடக்கூடாது என்பதால், வலது மடலுக்குச் செல்லும் கிளையின் ஒரு சிறு துண்டு மட்டுமே நம் கைக்கு வருகிறது. இந்தியாவில் நடைபெறும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பான்மை இவ்வகைதான். 1998இல் டெல்லியில் நடந்த, நாட்டின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றே காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு அதன் தந்தை தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்து நடந்ததுதான். தமிழ்நாட்டில் மூளைச்சாவுக் கொடைத் திட்டம் 2008 முதல் முறையாக நடைபெற்றுவந்தாலும், காத்திருப்போரின் எண்ணிக்கைக்கு அது ஈடாகவில்லை. ஆகவே நம் சூழலில் தமனி குறித்த கேள்வி பெரும்பாலும் சிறிய, குட்டையான தமனி குறித்த கேள்வியாகவே வருகிறது.

எந்தச் சூழலிலும் முதல் தேர்வு பெறுநரின் சொந்தக் கல்லீரல் தமனிதான். இதில் கருத்து வேறுபாடு இல்லை. வலது மடலுக்கு வலது கிளை, இடது மடலுக்கு இடது கிளை என்று இயற்கை அமைப்பையொட்டி இணைக்கும்போது குழாய் வளைவோ முறுக்கோ இன்றி அமைகிறது. இரு குழாய் முனைகளையும் சேர்க்க ஒரே ஒரு தையல் வளையம் போதும். பெரும்பாலான மையங்களில் போர்ட்டல் சிரையைத் திறந்த பிறகே இதைச் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் பித்தநாளங்கள் தமனி இரத்தமின்றி வெப்பத்தில் இருக்கும் நேரம் குறையும் என்ற வாதம் உண்டு. ஆனால் நுண்தையல் முடியும்வரை நோயாளி கல்லீரலே இல்லாமல் காத்திருக்க வேண்டிவரும். அந்தக் காத்திருப்பைவிட முதல் முறையே மேல் என்பது என் கருத்து.

தைக்கும் முறையிலும் தேர்வு உண்டு. அகன்ற குழாய்களை 7-0 நூலால் (முதல் எண் கூடக் கூட நூல் மெல்லியது) தொடர்தையலாக இணைக்கலாம். 2 மில்லிமீட்டர் குழாயில் தொடர்தையலை இறுக்கினால் வாய் சுருங்கிவிடும். அங்கே 8-0 அல்லது 9-0 நூலால் தனித்தனி முடிச்சுகளே நல்லது. உருப்பெருக்கத்தைப் பொறுத்தவரை, ஜப்பானின் கியோத்தோ குழுவினர் 1990களின் தொடக்கத்தில் அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்த பிறகுதான் குழந்தைகளிடம் தமனி அடைப்பு வெகுவாகக் குறைந்தது. கண்ணில் அணியும் உருப்பெருக்கிக் கண்ணாடியே போதும் என்று கூறித் திறம்படச் செய்து காட்டும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பலன்களில் குறை காண முடியாது. நுண்ணோக்கியை உள்ளே கொண்டுவரவும் சரிசெய்யவும் நேரமாகிறது. மூச்சோடு சேர்ந்து கல்லீரல் அசையும்போது காட்சி தெளிவிழக்கிறது. இருந்தாலும் குழந்தையின் தமனியிலும், உட்சுவர் சந்தேகத்துக்கிடமான தமனியிலும் நான் நுண்ணோக்கியின் பக்கமே நிற்பேன். காரணம், அது தையலைச் சிறிதாக்குகிறது என்பது மட்டுமன்று. உட்சுவரின் நிலையை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது என்பதுதான்.

எல்லாமே அந்த உட்சுவரைப் பொறுத்தது. வெட்டிய தமனி முனையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நல்ல குழாயின் உட்சுவர் பளபளப்பாக, வெளிச்சுவரோடு ஒட்டியிருக்கும். பழுதுபட்டதில் அது வெள்ளைத் தாள்போல் உரிந்து வாயில் தொங்கும். இரண்டு சுவர்களுக்கும் நடுவே கருஞ்சிவப்பாக இரத்தம் புகுந்திருக்கும். கிளாம்பை ஒரு நொடி தளர்த்தினால் நல்ல தமனியிலிருந்து இரத்தம் துடிப்புடன் அம்புபோலப் பாயும். பழுதுபட்டதிலிருந்து வழியும், அல்லது சொட்டும். கல்லீரல் புற்றுநோய்க்காகத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தை அடைக்கும் சிகிச்சையைப் பலமுறை பெற்றவர்களிடம் இந்த உரிதல் அதிகம். பழைய கல்லீரலைப் பிரிக்கும்போது தமனியை இடுக்கியால் இழுப்பதாலும், கிளாம்பை முரட்டுத்தனமாகப் போடுவதாலும் நாமே அதை உண்டாக்குவதும் உண்டு.

உரிதல் கண்ணில் பட்டதும் மேற்கொள்ள வேண்டிய முதல் வழி, அதே தமனியில், இரத்தம் வரும் திசையில் மேல்நோக்கிச் சென்று நல்ல சுவர் கிடைக்கும் வரை வெட்டுவது. வலது கிளை கெட்டிருந்தால் இடது கிளை நன்றாக இருக்கலாம். இரண்டும் கெட்டிருந்தால் அவை பிரியும் இடம், அதற்கும் முன்னால், இரைப்பைக்கும் சிறுகுடலின் தொடக்கத்துக்கும் செல்லும் காஸ்ட்ரோடியோடினல் தமனி பிரியும் இடம். அந்தப் பிரிவில் இரண்டு வாய்களையும் ஒன்றாகத் திறந்தால் அகன்றதொரு வாய் கிடைக்கும் என்பதால், முழுக் கல்லீரல் மாற்றில் பலர் அதையே வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆயிரம் கொடையாளர்களை ஆராய்ந்த 1994ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வகைப்பாட்டின்படி, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வலது மடலுக்கான தமனி, அதன் முழு ஆதாரமாகவோ கூடுதல் கிளையாகவோ, குடலுக்குச் செல்லும் மேல் மெசன்டெரிக் தமனியிலிருந்து வருகிறது. பெறுநருக்கு அப்படியோர் அமைப்பு இருந்தால், சீலியாக் பக்கத்தில் என்ன கேடு நேர்ந்திருந்தாலும் தீண்டப்படாத ஒரு குழாய் கையில் இருக்கிறது என்று பொருள். அதை அறியாமல் கட்டிவிடுவது பெரும் இழப்பு.

மேல்நோக்கிச் செல்லும் வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் நீளம் குறைகிறது. குட்டைத் தமனியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் அடைப்பு ஏறக்குறைய உறுதி. இரண்டாம் முறை வெட்டியும் உட்சுவர் உரிந்தே இருந்தால், அந்தத் தமனியைக் கைவிட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உரிந்த சுவரை உள்ளிருந்து வெளியாக ஊசி செலுத்தி ஒட்டித் தைத்துச் சமாளித்து வெற்றி கண்டவர்களும் இருக்கிறார்கள். உரிதல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது நியாயமான முயற்சி. அது பொதுக் கல்லீரல் தமனிவரை பரவியிருந்தால், கெட்ட குழாயோடு அரை மணி நேரம் போராடிவிட்டுப் பிறகு வேறு குழாயைத் தேடுவதைவிட முதலிலேயே தேடுவது நோயாளிக்கு நல்லது.

வேறு குழாய் என்றால், உயிருள்ள கொடையாளியின் உறுப்பைப் பொறுத்தவரை, நெருங்கிப் போட்டியிடும் இரண்டு உள்ளன. ஒன்று இரைப்பையின் கீழ் வளைவை ஒட்டி ஓடும் வலது காஸ்ட்ரோஎபிப்ளோயிக் தமனி; இதைச் சுருக்கமாக இரைப்பைத் தமனி என்கிறேன். மற்றது மண்ணீரல் தமனி. இவற்றின் குணங்கள் ஏறக்குறைய நேரெதிரானவை.

இரைப்பைத் தமனியின் பெரிய நன்மை அளவுப் பொருத்தம். கொடையாளியின் 2 மில்லிமீட்டர் தமனிக்கு அது பெரும்பாலும் இணையாக அமைகிறது. இரைப்பையின் வளைவிலிருந்து சிறு கிளைகளைக் கட்டிக் கட்டி விடுவித்துக்கொண்டே வந்தால் போதிய நீளம் கிடைக்கும். இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸ் பக்கத்திலிருந்து மேலே திருப்பினால் கல்லீரல் வாயிலை இழுப்பின்றி எட்டும். இரைப்பைக்கு வேறு மூன்று தமனிகள் இருப்பதால் அதற்கும் தீங்கில்லை. ஒரே ஒரு தையல் வளையம்தான் என்பது இன்னொரு நன்மை. குறைகளையும் சொல்ல வேண்டும். சிலரிடம் இது நூல்போல் மெலிந்திருக்கும். போர்ட்டல் அழுத்தம் மிகுந்தவர்களிடம் இதைச் சுற்றியுள்ள சிரைகள் வீங்கியிருப்பதால் பிரிக்கும்போது இரத்தப்போக்கு உண்டாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதற்கு இரத்தம் வருவது காஸ்ட்ரோடியோடினல் தமனியின் வழியாகத்தான். பழைய கல்லீரலை எடுக்கும் அவசரத்தில் அதைக் கட்டிவிட்டாலோ, உரிதல் பொதுக் கல்லீரல் தமனியில் ஆழமாக இறங்கியிருந்தாலோ, கணையத்தைச் சுற்றிய வளைவுகளின் வழியாக மேல் மெசன்டெரிக் தமனியிலிருந்து வரும் இரத்தத்தை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அது போதுமா என்பதற்கு ஒரே சோதனைதான் உண்டு: முனையை வெட்டித் திறந்து, பாயும் வேகத்தைக் கண்ணால் பார்ப்பது.

மண்ணீரல் தமனி அகலமானது. போர்ட்டல் அழுத்தம் மிகுந்தவர்களிடம் இன்னும் அகன்றிருக்கும். பாய்ச்சல் குறித்த கவலை இல்லை. கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டிப் பாம்புபோல் நெளிந்து ஓடுவதால், ஒரு பகுதியை விடுவித்து வெட்டிக் கல்லீரல் பக்கமாகத் திருப்பினால் நீளமும் கிடைக்கும். மண்ணீரலுக்குக் குட்டை இரைப்பைத் தமனிகள் இருப்பதால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு தனி நன்மையும் உண்டு. மண்ணீரலுக்குச் செல்லும் இரத்தம் குறையும்போது போர்ட்டல் சிரையின் பாய்ச்சலும் குறைகிறது. ஆகவே பெறுநரின் உடலுக்குச் சிறிய மடல் பொருத்தப்பட்டு, அது மிகுபாய்ச்சலால் திணறும் நிலையில், ஒரே செயலால் இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. குறைகள் என்னவென்றால், கணையத்திலிருந்து பிரிக்கும்போது இரத்தப்போக்கும் கணைய அழற்சியும் நேரலாம். 5 மில்லிமீட்டர் குழாயை 2 மில்லிமீட்டர் குழாயோடு பொருத்தும்போது அளவு பொருந்தாமல் சுழற்சி உண்டாகலாம். திருப்பிய குழாய் மடங்கிவிடலாம். இதன் மூலமும் சீலியாக் தண்டுதான் என்பதால், உரிதல் அந்தத் தண்டையே எட்டியிருந்தாலும், உதரவிதானத்தின் வில்தசைநார் அந்தத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தாலும் மண்ணீரல் தமனியாலும் பயனில்லை. தசைநார் அழுத்தம் மட்டும் காரணமாயின், பல நேரங்களில் அதை வெட்டி விடுவித்தாலே சொந்தக் கல்லீரல் தமனி உயிர்பெற்றுவிடும். முன்கூட்டி எடுத்த சிடி ஆஞ்சியோவை, அதாவது இரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேனைக், கவனமாகப் பார்த்திருந்தால் இது மேசையில் வியப்பாக வந்து நிற்காது.

ஆகவே சிறிய தமனியும் போதுமான அளவுள்ள மடலும் இருந்தால் இரைப்பைத் தமனியையும், மடல் சிறிதாகி போர்ட்டல் பாய்ச்சல் மிகுந்திருந்தாலோ இரைப்பைத் தமனி மெலிந்திருந்தாலோ மண்ணீரல் தமனியையும் தேர்வது சரி என்று கருதுகிறேன். மூளைச்சாவுக் கொடையாளியின் முழுக் கல்லீரலில் கொடைத் தமனியின் வாய் அகன்றிருப்பதால் அளவுப் பிரச்சினை மறைந்துவிடுகிறது. அங்கே மண்ணீரல் தமனியின் தட்டு தாழ்கிறது.

இன்னொரு வழி, பெருந்தமனியிலிருந்தே நேரடியாக ஒரு குழாயை எழுப்புவது. மூளைச்சாவுக் கொடையாளியிடமிருந்து, இடுப்பில் ஓடும் இலியாக் தமனியை இதற்கென்றே எடுத்து வைத்திருப்பார்கள். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியின் பக்கவாட்டில் அதைப் பொருத்தி, பெருங்குடலைத் தாங்கும் சவ்வு மடிப்பைத் துளைத்து, இரைப்பைக்குப் பின்னும் கணையத்துக்கு முன்னுமாகக் கல்லீரல்வரை கொண்டுவருவது ஒரு முறை. சீலியாக் தண்டுக்கு மேலே பொருத்தினால் குழாய் குட்டையாகவும் நேராகவும் அமையும். ஆனால் தைத்து முடியும்வரை குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும் செல்லும் இரத்தம் தடைபடலாம். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருக்கும் கல்லீரல் நோயாளியிடம் அந்த விலை பெரிது. அதனால் கீழ்ப்பகுதியையே நான் விரும்புவேன். பாய்ச்சலின் வலிமையில் பெருந்தமனிக்கு இணையில்லை. மறுமாற்றிலும், சீலியாக் தண்டே கெட்டுப்போன நிலையிலும் பல நேரங்களில் எஞ்சும் வழி இதுதான். ஆனால் இத்தகைய குழாய்கள் சொந்தத் தமனி இணைப்பைவிட அதிகமாக அடைபடுகின்றன என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அந்த ஒப்பீட்டைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: இக்குழாய் பொருத்தப்பட்டவர்கள் தொடக்கத்திலேயே கடினமான நிலையில் இருந்தவர்கள், பலன் குறைந்ததற்குக் குழாய் மட்டுமே காரணமன்று. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், இதை வழக்கமான முதல் தேர்வாக்க எனக்கு மனம் வரவில்லை.

உயிருள்ள கொடையாளியின் மாற்றில் இலியாக் தமனி இருக்காது. பெறுநரின் காலிலிருந்து எடுத்த சிரையையோ கையின் ஆரத் தமனியையோ இடையில் வைத்து நீட்டலாம். ஒரு வளையத்துக்குப் பதில் இரண்டு வளையங்கள் தைக்க வேண்டும். சிரைத் துண்டு தமனி அழுத்தத்தில் காலப்போக்கில் விரிவடையவும் கூடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் கையிலெடுக்க வேண்டியது இது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வாரத்தில் நாள்தோறும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பது பெரும்பாலான மையங்களின் வழக்கம். இரத்தப் பாய்ச்சலுக்கு உள்ள தடையைக் காட்டும் தமனியின் எதிர்ப்புக் குறியீடு 0.55 முதல் 0.80 வரை இருப்பது இயல்பு; 0.5க்குக் கீழே இறங்கி அலையின் ஏற்றமும் மந்தமானால், எங்கோ குறுகல் இருக்கிறது என்று கொண்டு உடனே சிடி ஆஞ்சியோ எடுக்க வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் மீண்டும் திறந்து சீரமைக்கவோ குழாய்வழிச் சிகிச்சையால் அடைப்பை நீக்கவோ வாய்ப்பு உண்டு. தவறவிட்டால் மறுமாற்று, அதற்கு இன்னொரு கல்லீரல் வேண்டும். தம் கல்லீரலைக் கொடுத்துவிட்ட மனைவியிடமோ மகனிடமோ மீண்டும் கேட்க முடியாது என்பதை அந்தக் குடும்பத்தோடு பேசியவர்கள் அறிவார்கள்.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். ஐம்பதுகளில் இருக்கும் ஒருவர். கல்லீரல் புற்றுக்காக மூன்று முறை குழாய்வழி அடைப்புச் சிகிச்சை பெற்றவர். மனைவி தரும் வலது மடல், உடலுக்குப் போதுமான அளவு. சிடி ஆஞ்சியோவில் சீலியாக் தண்டு நன்றாக இருக்கிறது. வலது கிளையின் சுவர் தடித்திருக்கிறது. அறுவைக்கு முன்பே இரைப்பையின் கீழ் வளைவையும் காஸ்ட்ரோடியோடினல் தமனியையும் தொடாமல் காக்கவேண்டும் என்று குழுவில் சொல்லியாயிற்று. மேசையில் வலது கிளை உரிந்திருக்கிறது. மேலே சென்று வெட்டினால் பிரிவிடமும் உரிந்திருக்கிறது. இரண்டு முறை வெட்டியாயிற்று. அதோடு நிறுத்திக் கிளாம்பைப் போட்டுவிட்டு இரைப்பைத் தமனியை விடுவிக்கிறார்கள். முனையை வெட்டியதும் இரத்தம் துடிப்புடன் பாய்கிறது. நுண்ணோக்கியின் கீழ்ப் பின்சுவரிலிருந்து தொடங்கி 9-0 நூலால் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு முடித்து, கிளாம்பை எடுக்கிறார்கள். டாப்ளர் கருவியில் ஓசை கேட்ட பிறகும் யாரும் நகர்வதில்லை. எல்லோருடைய கண்ணும், கல்லீரல் வாயிலில் இன்னும் இணைக்கப்படாமல் இருக்கும் பித்தநாளத்தின் வெட்டு விளிம்பில் இருக்கிறது. அந்த வெளிறிய விளிம்பிலிருந்து புதுச் சிவப்பாக இரத்தம் கசியத் தொடங்கிய பிறகே, பித்தநாளத்தைத் தைப்பதற்கான நூலைக் கேட்கிறார்கள்.